ஒரே கன்சோலில் அலுவலகத்தின் எல்லாக் கருவிகளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 48 விண்டோஸ் கணினிகள், 60 ஆண்ட்ராய்டு போன்கள், 6 ஐபோன்கள், தயாரிப்புப் பிரிவில் 12 டேப்லெட்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இருந்து நிர்வகிக்க எம்.டி.எம். மென்பொருள் வாங்கச் சொல்கிறார் முதலாளி. எதை வாங்கலாம், எங்கிருந்து தொடங்கலாம்?
– ஐ.டி. பொறுப்பாளர், திருப்பூர்

பதில்: மென்பொருளை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். கையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கருவியாகப் பார்த்து ஓர் எக்செல் தாளில் எழுதுங்கள். கணினி என்றால் சீரியல் எண், விண்டோஸ் 10-ஆ 11-ஆ, ஹோம் பதிப்பா ப்ரோ பதிப்பா, யாரிடம் இருக்கிறது, அட்மின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்பவை வேண்டும். போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண், ஆண்ட்ராய்டு பதிப்பு, நிறுவனம் வாங்கியதா ஊழியருடைய சொந்தப் போனா, அதில் எந்த கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு இருக்கிறது என்பவை. *#06# அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. திரையில் வந்துவிடும்.

இந்தத் தாளை எழுதும்போதே பட்ஜெட்டை மாற்றக்கூடிய இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். ஒன்று, விண்டோஸ் ஹோம். சில்லறைக் கடையில் வாங்கிய லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். நிறுவனக் கணக்கோடு முழுமையாக இணைவதோ, டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை மையமாக நிர்வகிப்பதோ இதில் நடக்காது. ப்ரோ லைசென்ஸ் செலவைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு, விண்டோஸ் 10. இதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு மாற முடியாத பழைய கணினிகளை எந்த கன்சோலில் (எல்லாக் கருவிகளையும் நிர்வகிக்கும் திரையில்) சேர்த்தாலும் பாதுகாப்பு ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

அடுத்து, ஏற்கெனவே எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ப்ரீமியம் எடுத்திருந்தால் இன்ட்யூன் என்கிற எம்.டி.எம். அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தத் திட்டம் 300 பேர் வரை எடுக்கலாம், உங்களுக்குப் போதும். பிசினஸ் ஸ்டாண்டர்டில் இன்ட்யூன் கிடையாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து வாங்கிவிட்டுத் தேடுகிறவர்கள் நிறைய. மைக்ரோசாஃப்ட் பக்கமே போகாத நிறுவனம் என்றால் சென்னையின் ஜோஹோ குழுமத்தைச் சேர்ந்த மேனேஜ்என்ஜினின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரலைப் பார்க்கலாம். 25 கணினி வரை இலவசப் பதிப்பு உண்டு என்பதால் பழகிப் பார்க்க நல்லது. குரோம், அடோபி ரீடர் போன்ற வெளி மென்பொருள்களுக்கான பேட்சும் (ஓட்டையை அடைக்கும் திருத்தமும்) அதே இடத்தில் இருந்து போகும்.

எதை எடுத்தாலும் சோதனைக் காலத்தில் ஒவ்வொரு வகையிலும் ஒரு கருவியைச் சேர்த்துப் பாருங்கள். ஆப் தானாக இறங்குகிறதா, வைஃபை அமைப்பு போய்ச் சேருகிறதா, பூட்டச் சொன்னால் எவ்வளவு நேரத்தில் பூட்டுகிறது என்பவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் போனை வேண்டுமென்றே ரீசெட் செய்யுங்கள். அதன் பிறகும் அது உங்கள் கன்சோலுக்குத் திரும்பி வருகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள போன்களை ரீசெட் செய்யாமல் சேர்க்க முடியாதா? "ஒரு ஆப் போட்டால் போதும்" என்கிறார் விற்பனையாளர்.
– நிர்வாக அலுவலர், ஈரோடு

பதில்: போடலாம். ஆனால் அப்படிச் சேர்த்த போனில் உங்கள் அதிகாரம் ஒர்க் ப்ரொஃபைல் என்கிற தனிப் பகுதியோடு நின்றுவிடும். செட்டிங்ஸில் போய் அந்தப் பகுதியை ஊழியரே நீக்கிவிடலாம். சொந்தப் போனுக்கு அதுதான் நியாயமான ஏற்பாடு. நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய போனுக்கு அது போதாது. விற்பனையாளர் ஒர்க் ப்ரொஃபைலும் இல்லாமல், பழைய "டிவைஸ் அட்மின்" அனுமதியை வைத்து ஓட்டுகிற மென்பொருளைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்தே அந்த முறையின் முக்கிய அதிகாரங்களை கூகுள் எடுத்துவிட்டது.

நிறுவனப் போனை முழுக் கட்டுப்பாட்டில் எடுக்க, அது புதுப் போன் போல முதல் வரவேற்புத் திரையில் நிற்க வேண்டும். வேறு வழி கிடையாது. வரிசை இதுதான்:

1. வாட்ஸ்அப், படங்கள், தொடர்புகள் எல்லாவற்றுக்கும் பேக்கப். யு.பி.ஐ. ஆப்களை மறுபடி பதிவு செய்ய வேண்டிவரும் என்று ஊழியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

2. செட்டிங்ஸில் இருந்து கூகுள் கணக்கை நீக்குங்கள். இதை விட்டுவிட்டு ரீசெட் செய்தால், போன் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடலாம். அந்தக் கணக்கு வேலையை விட்டுப் போனவருடையதாக இருந்தால் அன்றைய வேலை அதோடு போயிற்று.

3. ரீசெட் ஆனதும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டுங்கள். கியூ.ஆர். ஸ்கேனர் திறக்கும். கன்சோலில் உருவாக்கிய கியூ.ஆர். கோடைக் காட்டுங்கள். மற்றதை அதுவே செய்துகொள்ளும்.

மூன்றாவது படியில் அதிகம் சிக்குவது வைஃபை. மொபைல் எண் கொடுத்து ஓ.டி.பி. வாங்கி நுழைகிற வைஃபையில் இந்த அமைப்பு பாதியில் நின்றுவிடும். சாதாரண ஹாட்ஸ்பாட் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கியூ.ஆர். கோடுக்குள்ளேயே வைக்கவும் முடியும். அப்படி வைத்தால் அந்தக் கோடை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அதைப் பிடித்தவர் எவரும் உங்கள் நெட்வொர்க்குக்குள் வந்துவிடலாம்.

பேக்கப் முடித்து வந்த போனுக்கே ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாப் போனையும் வரச் சொல்லாமல், பத்துப் பத்தாக அழைப்பது நல்லது.

இப்போது முக்கியமான விஷயம். கியூ.ஆர். வழியாகச் சேர்த்த போனை ஒருவர் வால்யூம் பட்டன், பவர் பட்டன் அழுத்தி ரெகவரி வழியாக அழித்தால் அது உங்கள் பிடியை விட்டுப் போய்விடும். இதைத் தடுக்க, ரீசெட்டுக்குப் பிறகு எந்த நிறுவனக் கணக்கால் மட்டும் திறக்கலாம் என்பதை கன்சோலில் குறிப்பிட்டு வையுங்கள். இனி வாங்கும் போன்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. கூகுளின் ஜீரோ டச் அங்கீகாரம் பெற்ற ரீசெல்லரிடம் வாங்கினால், ஐ.எம்.இ.ஐ. எண்களை அவர்களே உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஏற்றிவிடுவார்கள். பெட்டியைப் பிரித்து நெட் கொடுத்தவுடன் போன் நேராக உங்கள் கன்சோலுக்கு வரும். எத்தனை முறை அழித்தாலும் அங்கேதான் திரும்பி வரும். சாம்சங்குக்கு நாக்ஸ் மொபைல் என்ரோல்மென்ட் இதே வேலையைச் செய்கிறது. இரண்டு சிம் போனில் இரண்டு ஐ.எம்.இ.ஐ. இருக்கும். அவற்றில் சிறிய எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சில மாடல்கள் அடையாளம் காணப்படாமல் சாதாரணப் போன் போலவே திறக்கும். ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கிய போனுக்கு இந்த வசதி கிடைக்காது. ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "ஜீரோ டச் பதிவு செய்து தர வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

ஐபோனுக்கு இதன் இணை ஆப்பிள் பிசினஸ் மேனேஜர். கட்டணம் இல்லை. கடையில் வாங்கிய ஐபோனையும் ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் ஆப் மூலம் அதில் சேர்க்கலாம். அதற்கும் போனை அழிக்கத்தான் வேண்டும். சேர்த்த பின் 30 நாள் வரை பயனர் விலகிக்கொள்ள வழி இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அலுவலக மெயில் வேண்டுமானால் என் சொந்தப் போனில் கம்பெனி ஆப் போட வேண்டும் என்கிறார்கள். என் வாட்ஸ்அப், படங்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியுமா?
– வாசகி, சென்னை

பதில்: ஒர்க் ப்ரொஃபைல் முறையில் சேர்த்தால் தெரியாது. உங்கள் வாட்ஸ்அப் செய்தி, படங்கள், அழைப்புப் பட்டியல், சொந்த ஆப்கள் எதையும் அந்த கன்சோலில் பார்க்க முடியாது. போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, அலுவலகப் பகுதியில் உள்ள ஆப்கள் ஆகியவை தெரியும். ஆண்ட்ராய்டு 12 முதல் சொந்தப் போனின் ஐ.எம்.இ.ஐ. எண் கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. திரைப் பூட்டு இத்தனை இலக்கம் வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். வேலையை விட்டால் அலுவலகப் பகுதியை மட்டும் அழிக்கலாம்.

சரியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அலுவலக ஆப்களின் மூலையில் சிறிய பெட்டிச் சின்னம் இருக்கும், சொந்த ஆப்களில் இருக்காது. மாலையில் அலுவலகப் பகுதியை மொத்தமாக நிறுத்தி வைக்கும் பட்டனும் அங்கேயே உண்டு, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், வி.பி.என். அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட் என்று போனால் என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று தெரியும். செட்டிங்ஸின் மேற்பகுதியில் "சூப்பர்வைஸ்டு" என்று வந்தால் அது முழு நிறுவனக் கட்டுப்பாடு.

சொந்தப் போனை ரீசெட் செய்து கியூ.ஆர். காட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது நிறுவனப் போனுக்கான முறை. அதில் ஒரு பட்டனைத் தட்டினால் உங்கள் குழந்தையின் படங்கள் உட்பட எல்லாம் அழிந்துவிடும். மெயிலும் டீம்ஸும் மட்டும்தான் தேவை என்றால், போனைச் சேர்க்காமல் அந்த ஆப்களுக்கு மட்டும் பின் எண்ணும் நகலெடுக்கும் தடையும் வைக்கிற வசதி இன்ட்யூனில் இருக்கிறது. அதைக் கேளுங்கள். ஒன்று மட்டும் தனி: அலுவலக வைஃபையில் இருக்கும்போது நீங்கள் போகிற தளங்களின் பெயர்கள் நெட்வொர்க் வழியாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அதற்கும் இந்த ஆப்புக்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: எங்கள் 22 ஐபோன்களும் திடீரென்று கன்சோல் கட்டளை எதற்கும் பதில் தருவதில்லை. நெட் சரியாக இருக்கிறது.
– சிஸ்டம் அட்மின், கோவை

பதில்: கன்சோலின் கட்டளை ஐபோனுக்குப் போகத் தேவையான ஆப்பிள் புஷ் சர்ட்டிஃபிகேட் காலாவதி ஆகியிருக்கும். அதன் ஆயுள் 365 நாள். கன்சோலில் அதன் தேதியைப் பாருங்கள். காலாவதியானாலும் போன்களில் ஏற்கெனவே உள்ள அமைப்புகள் அப்படியே இருக்கும், புதுக் கட்டளை மட்டும் போகாது. ஆகவே பதற்றத்தில் போன்களை அழிக்க வேண்டாம்.

முதலில் எந்த ஆப்பிள் கணக்கில் எடுத்தார்களோ அதே கணக்கில் நுழைந்து "ரின்யூ" கொடுங்கள். "கிரியேட்" கொடுத்தால் புதுச் சர்ட்டிஃபிகேட் வரும், பழைய போன்கள் அதை ஏற்காது. 22 போனையும் மறுபடி சேர்க்க வேண்டியதாகிவிடும். ஒரே கணக்கில் இரண்டு மூன்று சர்ட்டிஃபிகேட் இருந்தால் கன்சோலில் காட்டும் யு.ஐ.டி. என்கிற அடையாளக் குறியை ஆப்பிள் தளத்தில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகே புதுப்பியுங்கள்.

முன்பிருந்த அட்மின் தன் சொந்த ஆப்பிள் கணக்கில் எடுத்துவிட்டுப் போயிருந்தால் அவரைத் தொடர்புகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஆப்பிள் சப்போர்ட்டிடம் கேளுங்கள். இனிமேல் இதற்கென்று நிறுவன மெயிலில் தனிக் கணக்கு வைத்து, காலாவதிக்கு 30 நாள் முன்பே இரண்டு பேருக்கு நினைவூட்டல் போகும்படி செய்யுங்கள். ஆப்பிள் பிசினஸ் மேனேஜர் டோக்கன், ஆப் லைசென்ஸ் டோக்கன் இரண்டும் இதே போல ஆண்டுக்கு ஒருமுறை காலாவதி ஆகும்.

கேள்வி: தொழிற்சாலையில் 12 டேப்லெட்கள் ஒரே ஆப் மட்டும் திறக்கும் கியோஸ்க் முறையில் இருக்கின்றன. வைஃபை பாஸ்வேர்டு மாற்றினோம், எல்லாம் செத்துவிட்டன.
– பராமரிப்புப் பொறியாளர், ஓசூர்

பதில்: புதுப் பாஸ்வேர்டை எடுத்துப் போக வேண்டிய வழியையே முதலில் மூடிவிட்டீர்கள். ரவுட்டரில் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டோடு ஒரு கூடுதல் நெட்வொர்க் உருவாக்குங்கள். டேப்லெட்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு புது வைஃபை அமைப்பை கன்சோலில் இருந்து அனுப்பி, 12-லும் போய்ச் சேர்ந்தது என்று பார்த்த பின் பழையதை எடுங்கள். அடுத்த முறை இரண்டையும் ஒரு வாரமாவது சேர்ந்து ஓட விடுங்கள்.

கியோஸ்க் அமைப்பில் வைஃபை பக்கத்தை மட்டும் திறக்க அனுமதி கொடுங்கள். கியோஸ்க்கை விட்டு வெளியேறும் ரகசிய எண் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு அப்டேட்டை ஷிஃப்ட் இல்லாத நேரத்துக்கு ஒதுக்கலாம். ஏற்றுமதி அவசரம் உள்ள மாதங்களில் 90 நாள் வரை முழுதாக நிறுத்தியும் வைக்கலாம், ஆனால் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே 60 நாள் இடைவெளி வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இரவு பகலாகச் சார்ஜரில் கிடக்கும் டேப்லெட்டின் பேட்டரி உப்பித் திரையைத் தூக்கும். அது தீ ஆபத்து. சாம்சங் போன்றவற்றில் சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். மற்றவற்றுக்கு டைமர் ப்ளக் போடுங்கள். மாதம் ஒருமுறை பின்மூடியைக் கையால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் அப்டேட்டை உடனே போடுவதா, தள்ளிப் போடுவதா? ஜி.எஸ்.டி. தாக்கல் நாளில் ரீஸ்டார்ட் ஆகி மானம் போகிறது.
– ஆடிட்டர் அலுவலகம், மதுரை

பதில்: மைக்ரோசாஃப்ட் பேட்ச் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வரும். அது 8-ஆம் தேதிக்கும் 14-க்கும் இடையில் விழும். உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 கெடு 11, 3-பி கெடு 20. மோதல் அங்கேதான். கணினிகளை மூன்று அடுக்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒன்றாக, மொத்தம் ஐந்து கணினிகளுக்கு அன்றே. மற்றவற்றுக்கு 4 நாள் கழித்து. தாக்கல் செய்கிற கணினிகளுக்கு மட்டும் 14 நாள் கழித்து. அப்போது அது 22-க்கும் 28-க்கும் இடையில் விழும், இரண்டு கெடுவையும் தொடாது. அதன்மேல் ரீஸ்டார்ட்டுக்கு 2 நாள் கெடு வையுங்கள், இல்லாவிட்டால் யாரும் ரீஸ்டார்ட் செய்யவே மாட்டார்கள். ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் ஓட்டை என்று அறிவிப்பு வந்தால் இந்த அட்டவணையை ஒதுக்கிவிட்டு உடனே அனுப்புங்கள்.

முதல் ஐந்து கணினியில் பார்க்க வேண்டியது: டேலி திறக்கிறதா, டிஜிட்டல் கையொப்ப டோக்கனை அடையாளம் காண்கிறதா, பிரிண்டர் ஓடுகிறதா.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அது விண்டோஸ் அப்டேட் அல்ல, பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். விண்டோஸுக்கு வைத்த அடுக்கு அதைத் தடுக்காது. அதன் சொந்த கன்சோலில் தனியாக அடுக்கு வைக்க வேண்டும். அன்று ஏராளமான கணினிகளைக் கையால்தான் மீட்டார்கள். பிட்லாக்கர் போட்ட கணினி 48 இலக்கச் சாவியைக் கேட்டது. உங்கள் கன்சோலில் இன்றே நாலு கணினியை எடுத்து, திரையில் வரும் சாவி அடையாளத்தின் முதல் 8 எழுத்தை வைத்துச் சரியான சாவி கிடைக்கிறதா என்று பாருங்கள். சாவி பதிவான பிறகே என்க்ரிப்ட் செய்ய வேண்டும் என்ற அமைப்பும் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: விற்பனைப் பிரதிநிதியின் போன் தொலைந்தால் முதலில் எதைச் செய்வது? உடனே அழித்துவிடலாமா?
– விற்பனை மேலாளர், திருச்சி

பதில்: வரிசை தவறினால் கட்டளை போய்ச் சேராது. முதலில் கன்சோலில் லாஸ்ட் மோட் அல்லது பூட்டு, இருப்பிடம் பார்த்தல். உடனே அவருடைய கணக்கை எல்லா இடத்திலும் சைன் அவுட் செய்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். போன் ஆஃப் ஆகிக் கிடந்தாலும் இது வேலை செய்யும் என்பதால் இதுவே பெரிய பாதுகாப்பு. அதன் பிறகு அழிக்கும் கட்டளை. "அனுப்பப்பட்டது" என்று இருந்தால் போதாது, "முடிந்தது" என்று வர வேண்டும். அழித்த பின் இருப்பிடம் தெரியாது, ஆகவே அதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

சிம்மை நிறுத்தினால் நெட் போய்விடும், அழிக்கும் கட்டளை எட்டாது. இருந்தாலும் அந்த எண்ணில் வங்கி, யு.பி.ஐ. இருந்தால் யோசிக்காமல் சிம்மை உடனே நிறுத்துங்கள். பணம் முதலில். அடுத்து போலீஸ் புகார், அதன் நகலோடு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. முடக்கம். அது முடங்கினால் எந்த சிம்மிலும் போன் நெட்வொர்க் பிடிக்காது, ஆகவே அதைக் கடைசியில் வையுங்கள். வாடிக்கையாளர் தகவல் கசிந்தது தெரியவந்தால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு.

வேலையை விட்டுப் போகிறவருக்கும் வரிசை முக்கியம்தான். கன்சோல் வழியாகப் போனை அழித்து விடுவித்த பிறகே அவருடைய கணக்கையும் லைசென்ஸையும் நீக்குங்கள்.

கேள்வி: எல்லாம் ஒரே கன்சோலில் என்றால், அந்த கன்சோலையே யாராவது பிடித்துவிட்டால்?
– வாசகர், சேலம்

பதில்: எல்லாம் போகும். 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக, அதைப் பயன்படுத்திய சேவை நிறுவனங்களுக்கும் அவர்களின் வாடிக்கையாளர்களுக்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் போனது. கணினிகளை நிர்வகிக்க வைத்த வழியே தாக்குகிறவனுக்கும் வழியானது.

அட்மின் கணக்கு மெயில் பார்க்கும் கணக்காக இருக்கக் கூடாது, தனிக் கணக்கு வேண்டும். எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை நம்பாமல் பாதுகாப்புச் சாவி (கணினியில் செருகும் சிறு கருவி) அல்லது ஆத்தென்டிகேட்டர் ஆப் வையுங்கள். ஹெல்ப்டெஸ்க் ஆட்களுக்குப் பூட்டும் அதிகாரம் போதும், அழிக்கும் அதிகாரம் வேண்டாம். ஸ்கிரிப்ட் அனுப்புவது, மொத்தமாக அழிப்பது போன்றவற்றுக்கு இரண்டாவது அட்மின் ஒப்புதல் கேட்கும் வசதி இன்ட்யூனில் இருக்கிறது. உங்கள் மென்பொருளிலும் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். சொந்த சர்வரில் கன்சோலை நிறுவியிருந்தால் அதன் லாகின் பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்காமல் வி.பி.என்.னுக்குப் பின்னால் வையுங்கள், அந்த சர்வரின் பேட்சை மற்ற எதற்கும் முன்னால் போடுங்கள். அவசரத்துக்கு ஒரு தனி அட்மின் கணக்கு உருவாக்கி, அதன் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி உறையிட்டு நிறுவனப் பெட்டகத்தில் வையுங்கள். அந்தக் கணக்கில் யாராவது நுழைந்தால் முதலாளிக்கும் உங்களுக்கும் உடனே மெயில் வரும்படி அமையுங்கள்.